பதில் பணிப்பாளர்

எனக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. பெரிய அரச அதிகாரிகளின் உத்தியோக வரலாறுகளைச் சேர்ப்பேன். மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் ஓட்டங்களை மனப்பாடம் செய்த வயதில், யார் எப்போது நிர்வாக சேவைப் பரீட்சையில் தேறினார், முதல் நியமனம் மொனராகலையா மன்னாரா, எத்தனை வருடத்தில் முதலாம் வகுப்புக்கு ஏறினார், எந்த அமைச்சின் செயலாளராகி ஓய்வுபெற்றார் என்றெல்லாம் ஒப்பிப்பேன். எங்கள் நாட்டில் பெரிய அதிகாரி ஒருவர் ஓய்விலோ இடமாற்றத்திலோ விடைபெற்றால் சேவை நயப்பு மலர் ஒன்று அச்சடிப்பார்கள். முன்னால் மாலை போட்ட படம், பின்னால் வாழ்த்துச் செய்திகள், நடுவில் நாலு பக்கம் சேவைக் குறிப்பு. வாழ்த்துகளை விட்டுவிட்டு அந்த நாலு பக்கத்தை வாசிப்பேன். பதுளையில் பழைய புத்தகக் கடையொன்றில் அவை கட்டுக்கட்டாகக் கிடந்தன. என்னைத் தவிர வேறு யாரும் வாங்கியதாகக் கடைக்காரர் சொன்னதில்லை.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, பட்டமும் எடுத்துவிட்ட எனக்கு அந்த வரலாறுகள் படிக்கட்டுகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக ஏறினால் போதும், மேலே ஒரு கதவு இருக்கும் என்று நம்பினேன். இப்போது அதே மலர்களைப் புரட்டினால் இரண்டாவது பக்கத்திலேயே களைத்துப் போகிறேன். "இக்காலப்பகுதியில் பதில் கடமையும் ஆற்றினார்" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன கிடக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பட்டதாரி நியமனத்தில் பதுளையில் ஒரு மாகாண அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை. குடியிருப்பு, காணி சம்பந்தப்பட்டது என்பது போதும். வருகிற கடிதங்களுக்குத் திகதி முத்திரை குத்துவது என் வேலை. பணிப்பாளர் இடமாற்றத்தில் போயிருந்தார். அடுத்தவர் வரும்வரை மேலதிகப் பணிப்பாளர்தான் பதில் பணிப்பாளர். அவரை எல்லாரும் மெடம் என்போம். தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகள், பண்டாரவளையில் வீடு. தோட்டத்திலிருந்து அந்தச் சேவைக்குள் போன முதல் சிலரில் ஒருவர். எனக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வாரமே அவருடைய வரலாற்றை அவரிடமே ஒப்பித்தேன். முதல் நியமனம், பிரதேச செயலகங்கள், திட்டமிடல், கொழும்பில் மூன்று வருடம், திரும்பி ஊவா மாகாணம். அவர் மேசையில் விரித்திருந்த கடிதக் கோவையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"முடிஞ்சுதா?"

"ஒண்ணு மட்டும் விளங்கல, மெடம். அஞ்சு தடவ பதில் கடமை பாத்திருக்கீங்க. ஒரு தடவகூட நிரந்தரமாக்கல."

"அத நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. சேவை ஆணைக்குழு இன்னும் கண்டுபிடிக்கல," என்றார். பிறகு பேனையின் மூடியைத் திருகிக்கொண்டே, "போய் முத்திரையக் குத்துங்க மகள்."

பதில் கடமைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. எந்தச் சுற்றறிக்கையிலும் அவை கிடையாது. மெடம் பணிப்பாளரின் அறையில் இருப்பார், பணிப்பாளரின் நாற்காலியில் இருக்கமாட்டார். பக்கத்து அறையிலிருந்து தன்னுடைய பிரம்பு நாற்காலியைக் கொண்டுவரச் செய்து, மேசையின் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். பெரிய சுழல் நாற்காலி சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். பதில் கடமையில் இருப்பவர் அன்றாடக் கடிதங்களில் கையொப்பமிடுவார். காணி, கட்டடம், நியமனம் என்று காலத்துக்கும் நிற்கிற காரியம் எதுவானாலும் "புதியவர் வந்ததும்" என்று கோவைக்குள் திரும்பிப் போகும். சட்டம் தடுக்காது. பிறகு ஏதாவது பிசகினால் கணக்காய்வுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, பதிலுக்கு இருந்தவருக்கு என்ன அவசரம் என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே எங்கள் மாகாணத்தில் பல காரியங்கள் தூங்குகின்றன.

அப்படித் தூங்கிய ஒரு கோவை எங்கள் தோட்டத்தினுடையது. மழையில் லயத்துக்குப் பின்னால் மலை பிளந்து, இனி இங்கே இருக்கக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். பதினொரு குடும்பங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் போயின. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. சேலைகளைக் கட்டித் தடுத்துக்கொண்டு இரண்டு வருடமாக அங்கே இருந்தார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். நான் பதுளையில் ஓர் அறை எடுத்திருந்தேன். தோட்ட நிர்வாகம் வீடு கட்ட ஒரு மேட்டை விடச் சம்மதித்திருந்தது. நில அளவை வரைபடம் வந்து, எங்கள் பணிப்பாளர் இணக்கக் கடிதத்தில் கையொப்பமிட்டால் வேலை தொடங்கலாம். கோவையில் மூன்று பணிப்பாளர்களின் குறிப்புகள் இருந்தன. மூன்று பேருமே "கலந்துரையாடவும்" என்று எழுதிவிட்டு இடமாறிப் போயிருந்தார்கள். மூவரின் சேவை நயப்பு மலர்களும் என்னிடம் இருந்தன.

அம்மா அதில் இருப்பதை மெடத்திடம் சொன்னேன்.

"அப்ப இந்தக் கோவைல நீங்க கைவைக்கக் கூடாது," என்றார். "உங்கம்மா இருக்கிறத நானே குறிப்புல எழுதுறேன். வரைபடம் வரட்டும், கையெழுத்துப் போடுறேன்."

"நீங்க பதில் மெடம். காணிக் கடிதம்..."

"எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் குறிப்பில் அதை எழுதியும் வைத்தார்: வரைபடம் கிடைத்ததும் கையொப்பமிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைக் காம்பராவின் நடுவில் நின்று, இந்த மாதத்துக்குள் கடிதம் வரும் என்று பதினொரு குடும்பத்துக்கும் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

கோவையில் கைவைக்கக் கூடாது என்றால் நான் வேறெதிலாவது கைவைக்க வேண்டும். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அப்போதுதான் முன்கூடத்துப் பலகை என்னிடம் வந்தது. அலுவலகம் தொடங்கிய நாள் முதல் இருந்த பணிப்பாளர்களின் பெயர்களும் காலமும் வெள்ளை எழுத்தில் எழுதிய கறுப்புப் பலகை. மழை ஈரத்தில் உரிந்து போயிருந்ததால் புதிதாக எழுத வேண்டும், பெயர்ப்பட்டியலை நான் தயாரிக்க வேண்டும். எனக்கென்றே செய்த வேலை. பார்த்தால் காலங்களுக்கு இடையில் ஓட்டைகள். ஒருவர் மார்ச்சில் போயிருப்பார், அடுத்தவர் டிசம்பரில் வந்திருப்பார். நடுவில் அலுவலகத்தை நடத்தியது யார்? பழைய கடிதங்களைத் தோண்டினேன். நாலு பதில் பணிப்பாளர்கள். வெள்ளம் வந்த வருடம், பெரிய மண்சரிவு வந்த வருடம் எல்லாம் அவர்கள்தான் இருந்திருக்கிறார்கள். பலகையில் ஒருவரும் இல்லை. ஐந்தாவது மெடம்.

எங்கள் பிரதம எழுதுவினைஞர் பதுளை நகரத்து முஸ்லிம் மனிதர். எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். அவரிடம் காட்டியிருந்தால் அந்த நிமிடமே கிழித்திருப்பார். அவர் மகளின் கல்யாணத்துக்காக இரண்டு வார விடுமுறையில் இருந்தார். நான் பட்டியலில் ஐந்து பேரையும் சேர்த்துப் பலகை எழுத்துக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் ஏணியிலிருந்து கூப்பிட்டார். "மிஸ், 'பதில்' எங்கிற சொல் மூணு பாஷையிலும் ஏற இடம் பத்தாது. பேரச் சின்னதாக்கவா, சொல்ல எடுக்கவா?"

"சொல்ல எடுங்க," என்றேன்.

யோசிக்க ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. நியாயம் செய்கிறேன் என்ற சந்தோஷம். சனிக்கிழமை பெயின்ட் காய்ந்தது. பட்டியலின் கடைசியில் மெடத்தின் பெயர், பக்கத்தில் தொடங்கிய திகதி, ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. பார்க்கிறவர்களுக்கு அவர்தான் நிரந்தரப் பணிப்பாளர்.

திங்கட்கிழமை காலை மெடம் குடையை மடக்கியபடியே பலகைக்கு முன்னால் நின்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

"யார் எழுதச் சொன்னது?"

"நான்தான் மெடம். நாலு பேருக்குப் பழைய கடிதங்கள்ல ஆதாரம் இருக்கு."

"அனுமதி எழுத்துல இருக்கா?"

"இல்ல மெடம்."

"அப்ப நான்தான் எழுதச் சொன்னது," என்றார். குடையை உதறி மூலையில் வைத்தார். "எழுத்துக்காரரக் கூப்பிட்டு என் பேர அழிக்கச் சொல்லுங்க. மத்த நாலு பேர் செத்துப் போனவங்க, அவங்க இருக்கட்டும்."

அழிப்பதற்குள் யாரோ கைபேசியில் படம் பிடித்துவிட்டார்கள். அதிகாரிகளின் வட்ஸ்அப் குழுவில் அது சுற்றியது. தனக்குத் தானே நியமனம் கொடுத்துக்கொண்ட பதில் பணிப்பாளர் என்று கீழே ஒரு சிரிப்பு முகம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. கதவு திறந்தே இருந்தது. மெடம் வாய் திறந்தது மொத்தமாக ஐந்து தடவை இருக்கும், அதில் மூன்று "ஆமாம் சேர்". புதிய பணிப்பாளர் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமையே பொறுப்பேற்பார் என்று ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை நானா விடுமுறை முடிந்து வந்தார். கல்யாண இனிப்பான தொதலை ஒரு பெட்டியில் எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்து நின்றார்.

"நான் ரெண்டு கிழம இல்ல. ஒரு ஆபீஸயே மாத்திட்டீங்களே புள்ள."

"நியாயம்னு நெனச்சேன் நானா."

"நியாயந்தான். நான் முப்பது வருஷமா அந்தப் பலகையப் பாக்கிறன், எனக்குத் தெரியாதா யார் யார் இல்லையெண்டு? ஆள் சீட்டுல இருக்கக்குள்ள எழுதுற பேரில்ல புள்ள அது. எடுங்க, தொதல் எடுங்க."

எடுத்தேன். தாளில் மடித்து மேசைக்குள் வைத்தேன்.

எனக்கு உறைத்தது பலகை அல்ல. வரைபடம் இன்னும் வரவில்லை. மெடத்துக்குக் கையொப்பமிடும் அதிகாரம் இன்னும் மூன்று வேலை நாட்கள்தான். அவரே நில அளவையாளருக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமிக்கான அரச விடுமுறை.

திங்கட்கிழமை சுப நேரத்தில் புதிய பணிப்பாளர் வந்து விளக்கேற்றிப் பதிவேட்டில் ஒப்பமிட்டார். பிரம்பு நாற்காலி பக்கத்து அறைக்குத் திரும்பிப் போனது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஒருவர் வரைபடத்தை உருட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

முத்திரை என் கையில் இருந்தது. திகதிச் சக்கரத்தைப் போன வியாழக்கிழமைக்குத் திருப்பி வரைபடத்தில் குத்தினேன். குத்தி, அதை மெடத்தின் அறைக்குக் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையைப் பார்த்தார்.

"வியாழக்கிழம இது வந்துச்சா?"

"வந்திருக்க வேண்டியது மெடம். நீங்களும் அதே திகதி போட்டா..."

"வந்துச்சான்னு கேட்டேன்."

"பதினொரு குடும்பம் மெடம்."

"தெரியும். அதுல ஒண்ணு உங்கம்மா. நான்தானே குறிப்பு எழுதினேன்." கதவைச் சாத்தச் சொன்னார். "உட்காருங்க. அந்த மேடு எங்களுடையதுன்னு என்னைக்காவது ஒருத்தன் வழக்குப் போடுவான். போடாம இருக்க மாட்டான். அவன் வக்கீல் மொத மொத பாக்கிறது இந்த முத்திரையத்தான். நில அளவைக்காரர் புத்தகத்துல செவ்வாய்க்கிழமன்னு இருக்கும். அப்ப கடிதம் செல்லாது. எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பென்ஷன்ல இருப்பேன். உங்கம்மாவத்தான் வெளிய எடுப்பாங்க, கட்டின வீட்டுலருந்து."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, வியாழக்கிழமையை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். "சரியான திகதியக் குத்திக் கொண்டு வாங்க. பெரியவரிட்ட நானே கொண்டு போறேன்."

புதியவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மரியாதையாகப் பேசுவார், என்னையும் நீங்க என்பார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மேட்டின் மண் உறுதி பற்றிப் புதிய அறிக்கை வேண்டும் என்று எழுதினார். கேட்கக்கூடாத அறிக்கை என்றும் சொல்ல முடியாது. அது வர ஐந்து மாதம் ஆனது. மேடு உறுதியானதுதான் என்று வந்தபின்னும் இன்னொரு விளக்கம் கேட்டார்.

தோட்ட நிர்வாகம் அதுவரை பொறுக்கவில்லை. கைக்குழந்தைகளை விட இடமில்லை, பிள்ளைக் காம்பராவைத் திருப்பித் தாருங்கள் என்றது. அதுவும் நியாயம்தான். நான் இந்த மாதத்துக்குள் என்று சொன்னதை நம்பி, தோட்டத் துரை தந்த வேறொரு பழைய லயத்துக் காம்பராக்களை எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவை கைமாறிவிட்டன. அவர்கள் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய், பலகை விஷயத்தை முழுவதும் சொன்னேன். சேலைத் தடுப்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா அத்தை கேட்டார்:

"அப்ப ஒங்க மெடத்துக்குப் பேரு எழுதுனது நீயி, எங்கள எழுப்புனது அவுங்களா?"

"இல்லத்த. ரெண்டும் நான்தான்."

"படிச்ச புள்ளைனு பாத்தோம்," என்றார். முடிச்சை அவிழ்க்கப் பல்லால் கடித்தார்.

மூன்று குடும்பம் கொழும்புப் பக்கம் போனது. மற்றவர்கள் உறவினர் லயங்களில் ஒண்டினார்கள். அம்மா என் அறைக்கு வந்தார். கொழுந்து வேலையை விடச் சம்மதிக்கவில்லை. காலைப் பெரட்டில் பெயர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்பதால், முதல் பஸ்ஸைப் பிடித்துத் தெமோதரையில் இறங்கி மேலே நடப்பார். திரும்பி வந்து அறை வாசலில் காலை நீட்டி உட்காருவார். அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவியிருக்கும்.

"காலு வலிக்குதாம்மா?"

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தது. மலைல ஏறுனதெல்லாம் ஒண்ணுமில்ல." பிறகு, "ஒங்க ஆபிஸுல அந்தத் தாளு எங்கருக்கு?"

"மேசைல இருக்கும்மா."

"மேசைலதான் இருக்கு," என்பார். எட்டு மாதம் இதே பேச்சு. அந்த எட்டு மாதத்தில் நான் ஒரு மலரும் வாங்கவில்லை. நிர்வாக சேவைப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரினார்கள். நிரப்பி அனுப்பினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை பழகியிருந்தது.

பிறகு புதிய பணிப்பாளருக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு கிடைத்தது. போய்விட்டார். மறுபடி மெடம் பதில். பியோன் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெடத்துக்கு ஓய்வுபெற இருபது நாள் கூட இல்லை. இந்த நிலையில் எந்த அதிகாரியும் ஓய்வூதியப் பத்திரங்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

முதல் நாள் காலை பிளேன்டீ வருவதற்கு முன்பே அந்தக் கோவையைக் கேட்டார். நானாதான் கொண்டுபோனார், நான் தொடக்கூடாது அல்லவா. வெளியே வந்து என்னைக் கடந்தபோது, "போட்டுட்டாங்க புள்ள," என்றார் மெதுவாக. "பதில் எண்டு பெரிசா எழுதி, அதுக்குக் கீழ போட்டாங்க. நான் சொன்னன், மெடம் கணக்காய்வுல புடிப்பானுகள் எண்டு. கேக்கவா போறாங்க."

மெடம் ஓய்வுபெற்றபோது சேவை நயப்பு விழா வேண்டாம் என்றுவிட்டார். மலரும் இல்லை. ஒரு கேக் வெட்டினோம். பிரம்பு நாற்காலியை வாடகை வண்டியின் மேலே கட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனார்.

கணக்காய்வுக் கேள்வி நாலு மாதத்தில் வந்தது. பதில் கடமையில் இருந்தவர் ஓய்வுக்குச் சில நாட்களுக்கு முன் காணி இணக்கம் வழங்கியதன் அவசரம் என்ன. விளக்கம் ஏற்கப்படும்வரை அவருடைய ஓய்வூதியக் கொடுப்பனவில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்படும்.

மெடம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மேட்டில் இருந்தேன். எட்டு வீட்டுக்கு அத்திவாரம் எழும்பியிருந்தது. அம்மாவும் அத்தையும் சீமெந்துக் கல்லைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கோவை இலக்கம் சொல்லுங்க மகள். வரைபடம் வந்த திகதி, நான் போட்ட திகதி, ரெண்டும் வேணும். பதில் எழுதணும்."

சொன்னேன். மண்சரிவு அறிவித்தலின் திகதியையும் சொன்னேன். நான் செய்ததையும் எழுதுங்கள், பலகையிலிருந்து எழுதுங்கள், நானே ஒரு கடிதம் தருகிறேன் என்றேன்.

"பலகையப் பத்தி அவங்க கேக்கல. கேக்காததுக்குப் பதில் எழுதப் படாது." மூச்சு வாங்கியது. படி ஏறிக்கொண்டே பேசுகிறார் போலிருந்தது. "வரைபடத் திகதிய மறுபடி சொல்லுங்க, சரியாக் கேக்கல."

அம்மா கல்லைக் கீழே வைத்துவிட்டு யார் என்று தலையை ஆட்டிக் கேட்டார். மெடம் என்றேன்.

"சாப்பிட வரச் சொல்லு. வீடு முடிஞ்ச பொறவு."

சொன்னேன்.

"கூரையப் போடச் சொல்லுங்க மொதல்ல, மழ வருது," என்றார் மெடம். "திகதி?"

செவ்வாய்க்கிழமையின் திகதியை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். எழுதுகிற சத்தம் கேட்டது.